நோயாளி சொன்ன சொல்
(அமெரிக்க நாட்டில் மனநோய்க் குறிப்பேடுகளின் மறைகாப்பு வரலாறு)

உடல்நோய் கொண்டவர் மருத்துவரிடம் தம் உடலைக் காட்டுகிறார். மனநோய் கொண்டவரோ, குடிக்கும் போதைப் பொருளுக்கும் அடிமைப்பட்டவரோ, தம் வாழ்க்கையையே எடுத்துச் சொல்ல வேண்டியவராகிறார். மனைவியிடம் சொல்லாததையும், பெற்றோர் அறியாததையும், சட்டத்துக்கு அஞ்சி மறைத்ததையும் மருத்துவர் முன் வைத்தாலன்றி அவருடைய நோய்க்கு மருந்து இல்லை. அவர் சொன்னவை குறிப்பேட்டில் ஏறுகின்றன. அக்குறிப்பேட்டை யார் யார் பார்க்கலாம்? போலீசார் கேட்டால் கொடுக்கலாமா? நீதிமன்றம் கேட்டால்? அதே நோயாளிக்கு அறுவை செய்யும் மற்றொரு மருத்துவர் கேட்டால்?

இக்கேள்விகளுக்கு விடை காண்பதில் அமெரிக்க ஐக்கிய நாடு ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளைச் செலவிட்டுள்ளது. அங்கே சட்டம் ஒருமுறை மௌனத்தின் பக்கம் சாய்ந்தது. பிறிதொருமுறை பேச்சின் பக்கம் சாய்ந்தது. ஒவ்வொரு சாய்வுக்கும் பின்னே ஒரு மனிதரின் துன்பம் உண்டு. அவ்வரலாற்றின் முக்கியமான கட்டங்களை வரிசைப்படுத்திக் காண்பது பயனுடையதாகும்.

பழைய உறுதிமொழியும் நீதிமன்றமும்

மருத்துவர் தாம் கண்டதையும் கேட்டதையும் வெளியிடலாகாது என்னும் நெறி மிகப் பழையது. கிரேக்க மருத்துவர் ஹிப்போகிராட்டீசின் பெயரால் வழங்கும் உறுதிமொழியில் அது இடம்பெற்றுள்ளது. ஆனால் உறுதிமொழி என்பது மருத்துவரின் மனச்சான்றைக் கட்டுப்படுத்துமேயன்றி நீதிமன்றத்தைக் கட்டுப்படுத்தாது.

இவ்வேறுபாட்டை இங்கிலாந்தில் 1776ஆம் ஆண்டு நடைபெற்ற ஒரு வழக்கு தெளிவாக்கிற்று. கிங்ஸ்டன் கோமகள் என்னும் பெருமாட்டி, முதற்கணவர் உயிருடன் இருக்கவே மற்றொருவரை மணந்தார் என்று பிரபுக்கள் சபையின் முன் குற்றஞ்சாட்டப்பட்டார். அவருடைய அறுவை மருத்துவரான சீசர் ஹாக்கின்ஸ் சாட்சியாக அழைக்கப்பட்டார். தொழில்முறையில் தமக்குத் தெரியவந்ததைச் சொல்லத்தான் வேண்டுமோ என்று அவர் தயங்கினார். சொல்லத்தான் வேண்டும் என்று மான்ஸ்ஃபீல்டு பிரபு தீர்ப்பளித்தார். தானாக இரகசியத்தை வெளியிடும் மருத்துவர் குற்றவாளியாவார். நீதிமன்றத்தின் ஆணைக்குட்பட்டுச் சொல்பவர் குற்றவாளியாகார் என்பது அவர் கருத்து.

ஆங்கிலச் சட்டமரபைத் தாயாகக் கொண்ட அமெரிக்கா இவ்விடத்தில் தாயை விட்டு விலகிற்று. 1828ஆம் ஆண்டில் நியூயார்க் மாநிலம், நோயாளிக்கு மருந்து செய்வதற்காக அறிந்துகொண்ட செய்தியை நீதிமன்றத்தில் சொல்லும்படி மருத்துவரைக் கட்டாயப்படுத்தலாகாது என்று சட்டம் இயற்றியது. அத்தகைய சட்டங்களில் அதுவே முதலாவது. பின்னர்ப் பல மாநிலங்கள் அதனைப் பின்பற்றின. எனினும் கூட்டரசின் நீதிமன்றங்களில் அப்படியொரு பாதுகாப்பு நெடுங்காலம் ஏற்படவில்லை.

நோயாளியா, குற்றவாளியா?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் புதிய சிக்கல் ஒன்று எழுந்தது. 1914ஆம் ஆண்டு நிறைவேறிய ஹாரிசன் சட்டம் அபின், மார்பீன் முதலியவற்றின் விற்பனையைக் கட்டுப்படுத்தியது. அவற்றை வழங்கும் மருத்துவர்கள் கணக்கு வைத்திருக்க வேண்டும். அதிகாரிகள் வந்து கேட்டால் காட்ட வேண்டும். போதைக்கு அடிமைப்பட்டவருக்கு அப்பழக்கத்தைத் தாங்குவதற்காக மட்டும் மருந்து எழுதிக்கொடுப்பது மருத்துவத் தொழிலாகாது என்று 1919ஆம் ஆண்டில் உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. அதன்பின் மருத்துவரின் கணக்கேடே அவருக்கும் அவருடைய நோயாளிக்கும் எதிரான சாட்சியாக மாறிற்று. 1935ஆம் ஆண்டில் கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டன் நகரில் கூட்டரசு நிறுவிய போதைநோய் மருத்துவமனை, பாதி மருத்துவமனையாகவும் பாதி சிறைச்சாலையாகவும் விளங்கியது. அக்காலத்தார் இவர்களை எக்கண்கொண்டு நோக்கினர் என்பதற்கு அந்தக் கட்டடமே சான்று.

இந்நோக்கு மெல்ல மாறியது. அடிமைப்பட்டிருப்பதையே குற்றமாக்கித் தண்டிப்பது அரசியல் சட்டத்துக்கு முரணானது என்று 1962ஆம் ஆண்டில் ராபின்சன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1965ஆம் ஆண்டில் வின்சென்ட் டோல், மாரி நைஸ்வாண்டர் என்னும் மருத்துவர் இருவர், ஹெராயினுக்கு அடிமையானவர்களுக்கு நாள்தோறும் மெத்தடோன் என்னும் மருந்தை அளவாகக் கொடுத்தால் அவர்கள் வேலைக்குச் சென்று குடும்பம் நடத்தக்கூடியவர்களாகின்றனர் என்பதை வெளியிட்டனர். வியட்நாம் போர்க்களத்தில் படைவீரர்கள் ஹெராயினுக்கு இரையாவது கண்டு நாடு கலங்கியிருந்த நேரத்தில், 1971ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அதிபர் நிக்சன் போதைப்பழக்கத்தை நாட்டின் முதற்பகை என்று அறிவித்தார். மருத்துவ நிலையங்கள் பெருகின.

நிலையங்களைத் திறந்துவிடலாம், நோயாளிகள் வரவேண்டுமே! ஹெராயின் வைத்திருப்பது குற்றம். மருத்துவ நிலையத்தில் பெயரைப் பதிவு செய்வது, தான் அக்குற்றம் செய்தவன் என்று கையொப்பமிட்டுக் கொடுப்பதற்கு ஒப்பாகும். அப்பெயர்ப் பட்டியல் போலீசாரின் கைக்குப் போகுமானால் எவர் வருவார்? வேலை போகும், வீடு போகும், பிள்ளைகளை வளர்க்கும் உரிமையும் போகக்கூடும். இவ்வச்சத்தைப் போக்காமல் மருத்துவம் நடவாது என்பதைச் சட்டமியற்றுவோர் உணர்ந்தனர். அயோவா மாநிலத்தின் செனட் உறுப்பினர் ஹெரால்டு ஹியூஸ் என்பார் தாமே குடிப்பழக்கத்திலிருந்து மீண்டவர். அவருடைய முயற்சியால் 1970ஆம் ஆண்டின் இறுதி நாளன்று குடிநோய் மருத்துவச் சட்டம் ஒன்று கையொப்பமாயிற்று. 1972ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் போதைநோய் மருத்துவச் சட்டம் வந்தது. நோயாளியின் ஒப்புதல் இன்றியோ நீதிமன்றத்தின் தனி ஆணை இன்றியோ குறிப்பேடுகளை வெளியிடலாகாது என்று அது விதித்தது.

படம் கொடுக்க மறுத்த மருத்துவர்

சட்டம் பிறந்த அதே ஆண்டிலேயே அதற்குச் சோதனையும் வந்தது. 1972ஆம் ஆண்டு கோடையில் நியூயார்க் நகரில் ஒரு கொலை நடந்தது. கொலையைக் கண்ட ஒருவர், கொலை செய்தவரை நகராட்சியின் மெத்தடோன் நிலையத்தில் முன்பு பார்த்திருப்பதாகச் சொன்னார். நிலையத்தில் நோயாளிகளின் நிழற்படங்கள் இருந்தன. ஒருவருக்குரிய மருந்தை மற்றொருவர் பெறாதிருக்க எடுத்து வைத்தவை அவை. குறிப்பிட்ட வயதுக்குட்பட்ட கறுப்பின ஆடவர் அனைவரின் படங்களையும் ஒப்படைக்குமாறு அரசாங்க வழக்குரைஞர் அழைப்பாணை அனுப்பினார்.

நிலையங்களுக்குத் தலைவராயிருந்த மருத்துவர் ராபர்ட் நியூமன் மறுத்துவிட்டார். கொலையாளி ஒருவனாக இருக்கலாம்; படத்திலிருப்போர் பலர். மருந்து பெற வந்த குற்றத்துக்காக அவர்கள் அனைவரின் முகங்களும் போலீஸ் நிலையத்தில் பரப்பி வைக்கப்படுமாயின், நாளை அந்நிலையத்தின் வாயிலை மிதிப்பார் யார்? நீதிமன்றத்தை அவமதித்தார் என்று நியூமனுக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. அவர் மேல்முறையீடு செய்தார். மாநிலத்தின் மிக உயர்ந்த மேல்முறையீட்டு நீதிமன்றம் 1973ஆம் ஆண்டில் அவர் பக்கமே தீர்ப்பளித்தது. ஆராய்ச்சிக்குட்பட்ட போதைநோயாளிகளின் அடையாளத்தை முழுமையாக மறைத்து வைக்கும் உரிமையை 1970ஆம் ஆண்டின் மற்றொரு சட்டத்தின்கீழ்க் கூட்டரசின் சட்டத்துறைத் தலைவர் அவருக்கு வழங்கியிருந்தார். பின்னால் வந்த சட்டம் அவ்வுரிமையை நீக்கிவிடவில்லை என்பதே தீர்ப்பின் சாரம். கூட்டரசின் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்துவிட்டது.

இத்தீர்ப்பினால் ஒரு கொலைவழக்கின் துப்புத்துலக்கலுக்குத் தடை நேர்ந்தது என்பதை மறுக்க இயலாது. கொலையுண்டவரின் சுற்றத்தார் நிலையிலிருந்து பார்த்தால் நியூமனின் மறுப்புக் கொடுமையாகவே தோன்றியிருக்கும். மறைகாப்பு என்பது விலையில்லாமல் கிடைப்பதன்று. அவ்விலையை யார் கொடுப்பது என்பதே பின்வந்த வழக்குகள் அனைத்திலும் எழுந்த கேள்வி.

1975ஆம் ஆண்டில் கூட்டரசு விரிவான விதிகளை வெளியிட்டது. கூட்டரசு விதித்தொகுப்பில் அவை பெற்ற இடத்தை ஒட்டி ‘இரண்டாம் பகுதி’ விதிகள் என்றே அவற்றை வழங்குவர். இன்னார் இன்னாருக்கு இன்ன செய்தியை இன்ன நோக்கத்துக்காகச் சொல்லலாம் என்று நோயாளி எழுத்தில் ஒப்ப வேண்டும். செய்தியைப் பெற்றவர் அதனை வேறொருவருக்குக் கைமாற்றலாகாது. ஒருவர் அந்நிலையத்தின் நோயாளியா அல்லரா என்ற கேள்விக்குக்கூட ‘ஆம்’ என்று சொல்லிவிடலாகாது. விதி கடுமையானதே; ஆனால் அதனை மீறியதற்குரிய தண்டம் முதற்குற்றத்துக்கு 500 டாலருக்கு மேற்படவில்லை.

அரசியலும் குறிப்பேடும்

அதே காலத்தில் நடந்த இரு நிகழ்ச்சிகள், மனநோய்க் குறிப்பேடு அரசியலில் எத்தகைய ஆயுதமாகக்கூடும் என்பதை அமெரிக்க மக்களுக்கு உணர்த்தின.

வியட்நாம் போர் பற்றிய அரசாங்க ஆவணங்களை 1971ஆம் ஆண்டில் செய்தித்தாள்களுக்குக் கொடுத்தவர் டேனியல் எல்ஸ்பெர்க். அவரை இழிவுபடுத்தக்கூடிய செய்தி ஏதேனும் கிடைக்குமா என்று தேடி, வெள்ளை மாளிகையின் ஏவலாட்கள் அவ்வாண்டு செப்டம்பர் 3ஆம் நாள் அவருடைய உளமருத்துவர் லூயிஸ் ஃபீல்டிங்கின் அலுவலகத்தைப் பூட்டு உடைத்துப் புகுந்தனர். இது வெளிவந்தபோது நாடே அதிர்ந்தது. அரசாங்கத்தின் இத்தகைய தீச்செயல்களைக் காரணமாகக் காட்டி, 1973ஆம் ஆண்டு மே திங்களில் எல்ஸ்பெர்க்கின் மீதான வழக்கை நீதிபதி தள்ளிவிட்டார்.

மற்றொன்று 1972ஆம் ஆண்டுத் தேர்தலில் நிகழ்ந்தது. ஜனநாயகக் கட்சியின் துணை அதிபர் வேட்பாளராக மிசூரி மாநிலத்தின் செனட் உறுப்பினர் தாமஸ் ஈகிள்டன் தேர்ந்தெடுக்கப்பட்டார். மனச்சோர்வு நோய்க்காக 1960க்கும் 1966க்கும் இடையில் அவர் மும்முறை மருத்துவமனையில் இருந்தார் என்பதும், மின்னதிர்ச்சி மருத்துவம் பெற்றார் என்பதும் வெளியாயின. பதினெட்டு நாள்களில் அவர் விலக நேர்ந்தது. செனட்டிலோ அவர் பின்னும் பல ஆண்டுகள் பணியாற்றி 1987இல் ஓய்வு பெற்றார். நோய் நீங்கிய பின்னும் நோயின் பெயர் நீங்காது என்பதை நாட்டிலுள்ள ஒவ்வொரு நோயாளியும் இதிலிருந்து அறிந்துகொண்டார்.

பேசாமையால் நேர்ந்த கொலை

மௌனத்தின் நன்மையையே நாடு கண்டுகொண்டிருந்தபோது அதன் தீமையைக் காட்டும் வழக்கொன்று கலிபோர்னியாவில் நடந்துகொண்டிருந்தது.

1969ஆம் ஆண்டு பெர்க்லி பல்கலைக்கழகத்தில், இந்தியாவிலிருந்து உயர்கல்விக்குச் சென்றிருந்த ஒரு மாணவர், தம் காதலை ஏற்காத தாத்தியானா தாராசாஃப் என்னும் பெண்ணைக் கொல்லப்போவதாகப் பல்கலைக்கழக மருத்துவமனையின் உளவியல் அறிஞரிடம் கூறினார். அவ்வறிஞர் வாளா இருந்துவிடவில்லை. பல்கலைக்கழகப் போலீசாருக்கு அறிவித்தார். போலீசார் மாணவரைப் பிடித்து விசாரித்தனர்; தெளிவாகப் பேசுகிறார், அப்பெண்ணை அணுகுவதில்லை என்று வாக்களிக்கிறார் என்று விட்டுவிட்டனர். மருத்துவமனையின் மேலதிகாரி, மேற்கொண்டு எந்நடவடிக்கையும் வேண்டா என்று தடுத்துவிட்டார். அக்கோடையில் அப்பெண் வெளிநாட்டில் இருந்தார். திரும்பி வந்தவருக்கோ அவருடைய பெற்றோருக்கோ எவரும் ஒரு சொல்லும் சொல்லவில்லை. அக்டோபர் 27ஆம் நாள் அவர் கொலையுண்டார்.

பெற்றோர் வழக்குத் தொடுத்தனர். ஆபத்துக்குள்ளாகக்கூடியவரை எச்சரிப்பது உளமருத்துவரின் கடமை என்று 1974ஆம் ஆண்டில் கலிபோர்னிய உச்ச நீதிமன்றம் கூறியது. உளமருத்துவர்கள் கூக்குரலிட்டனர். நோயாளியின் கோபச் சொற்களையெல்லாம் வெளியிடத் தொடங்கினால், கோபமுள்ளவர் எவரும் மருத்துவத்துக்கு வாரார். அதனால் கொலைகள் குறையா, கூடவே செய்யும் என்று வாதிட்டனர். நீதிமன்றம் வழக்கை மறுமுறை கேட்டது. 1976ஆம் ஆண்டில் நீதிபதி மாத்யூ டோப்ரினர் எழுதிய தீர்ப்பு, எச்சரித்தல் ஒன்றே கடமை என்று நிறுத்தாமல், ஆபத்துக்குரியவரைக் காப்பதற்குத் தக்க முயற்சி எடுத்தலே கடமை என்று வகுத்தது. எச்சரித்தல், போலீசாருக்கு அறிவித்தல், மருத்துவமனையில் சேர்த்தல் என எது தக்கதோ அது. பிறருக்கு ஆபத்து தொடங்குமிடத்தில் நோயாளியின் மறைகாப்பு முடிவடைகிறது என்பது அதன் உட்கருத்து. நீதிபதிகளுள் ஒருவரான வில்லியம் கிளார்க், மறைகாப்புக் குலைந்தால் மருத்துவமே குலையும் என்று மாறுபட்டு எழுதினார்.

பின்னாளில் பெரும்பான்மையான மாநிலங்கள் இக்கடமையை ஏதேனும் ஒரு வடிவில் ஏற்றன. சில மாநிலங்கள் அதனைக் கட்டாயமாக்கின. சில மருத்துவரின் விருப்பத்துக்கு விட்டன. இவ்வேற்றுமை இன்றும் தீரவில்லை.

உச்ச நீதிமன்றத்தின் முடிவு

மாநிலங்கள் இவ்வாறிருக்க, கூட்டரசு நீதிமன்றங்களில் உளமருத்துவரின் குறிப்பேட்டுக்குப் பாதுகாப்பு உண்டா என்ற கேள்விக்கு விடை 1996ஆம் ஆண்டில்தான் கிடைத்தது.

இல்லினாய் மாநிலத்தில் 1991ஆம் ஆண்டு ஒரு பெண் போலீஸ் அதிகாரி, சண்டை நடந்த இடத்துக்குச் சென்றபோது ஒருவரைச் சுட்டுக் கொல்ல நேர்ந்தது. அந்நிகழ்ச்சியால் மனம் உடைந்த அவர், உரிமம் பெற்ற சமூக நலப் பணியாளர் ஒருவரிடம் ஏறத்தாழ ஐம்பது முறை சென்று ஆறுதலும் மருத்துவமும் பெற்றார். இறந்தவரின் குடும்பத்தார் வழக்குத் தொடுத்து, அப்பணியாளரின் குறிப்புகளைக் கேட்டனர். அவர் கொடுக்க மறுத்தார். அங்ஙனமாயின் அக்குறிப்புகள் அதிகாரிக்குப் பாதகமானவை என்றே கொள்ளலாம் என்று நீதிபதி ஜூரிகளுக்குச் சொல்லிவிட்டார். ஜூரிகள் 5,45,000 டாலர் இழப்பீடு விதித்தனர்.

ஜாஃபி எதிர் ரெட்மண்ட் என வழங்கும் இவ்வழக்கில், 1996ஆம் ஆண்டு ஜூன் 13ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஏழுக்கு இரண்டு என்ற கணக்கில் மறைகாப்பை நிலைநாட்டியது. நீதிபதி ஸ்டீவன்சின் வாதம் எளியது. காக்கப்படும் என்ற நம்பிக்கை இல்லையேல் இப்பேச்சுகளே நிகழமாட்டா; நிகழாத பேச்சிலிருந்து நீதிமன்றத்துக்குச் சான்று எங்கிருந்து கிடைக்கும்? ஆகவே மறைகாப்பினால் நீதிமன்றம் இழப்பது சிறிது. மக்கள் பெறுவது பெரிது. சமூக நலப் பணியாளருக்கும் இப்பாதுகாப்பை நீட்டியதற்கு அவர் காட்டிய காரணம் குறிப்பிடத்தக்கது. பெருங்கட்டணம் கொடுத்து உளமருத்துவரிடம் செல்ல இயலாத ஏழைகள் சமூக நலப் பணியாளரிடமே செல்கின்றனர். செல்வருடைய இரகசியம் காக்கப்பட்டு ஏழையினுடையது காக்கப்படாமலிருப்பது முறையன்று.

மாறுபட்ட நீதிபதி ஸ்கேலியாவின் கேள்வியும் புறக்கணிக்கத்தக்கதன்று. மனம் நொந்தவர் பலர் தாயிடமே ஆறுதல் தேடுகின்றனர். தாயிடம் சொன்னதை நீதிமன்றம் கேட்கலாம், கட்டணம் வாங்கிக் கேட்டவரிடம் சொன்னதைக் கேட்கலாகாதோ என்று அவர் வினவினார். மறைக்கப்படும் உண்மையால் சிலருக்கு நீதி கிட்டாமற் போகும் என்பது அவருடைய கவலை. இரு பக்கத்தும் நியாயம் இருத்தலின், இத்தீர்ப்பு இன்றளவும் சட்டக்கல்லூரிகளில் விவாதிக்கப்படுகிறது.

ஹிப்பா சட்டம்

அவ்வாண்டே ஆகஸ்டு 21ஆம் நாள் அதிபர் கிளின்டன் மற்றொரு சட்டத்தில் கையொப்பமிட்டார். அதன் முதலெழுத்துகளைக் கொண்டு ‘ஹிப்பா’ என்று அதனை அழைப்பர். அது முதலில் மறைகாப்புக்காகப் பிறந்த சட்டமன்று. வேலை மாறும் தொழிலாளி தம் மருத்துவக் காப்புறுதியை இழந்துவிடாதிருக்கச் செய்வதே அதன் தலையாய நோக்கம். ஆனால் காப்புறுதிக் கணக்குகளையெல்லாம் மின்கணிப்பொறி வழியாக அனுப்பும் ஏற்பாடும் அதில் இருந்தது. செய்தி கம்பி வழியே பறக்குமானால் அதற்குக் காவல் வேண்டுமன்றோ? மூன்றாண்டுக்குள் சட்டமன்றம் மறைகாப்புச் சட்டம் இயற்ற வேண்டும். தவறினால் சுகாதார அமைச்சே விதி வகுக்க வேண்டும் என்று எழுதப்பட்டிருந்தது. சட்டமன்றம் தவறியது. அமைச்சு வெளியிட்ட வரைவைப் பற்றி 52,000க்கும் மேற்பட்ட கருத்துகள் வந்து குவிந்தன. 2000ஆம் ஆண்டு டிசம்பரில் விதிகள் வெளிவந்தன. 2002இல் திருத்தப்பட்டு, 2003ஆம் ஆண்டு ஏப்ரல் 14ஆம் நாள் முதல் செயலுக்கு வந்தன.

இவ்விதிகள் இரண்டாம் பகுதி விதிகளினின்றும் பெரிதும் வேறுபட்டவை. மருத்துவம், கட்டணம், நிருவாகம் ஆகிய மூன்றுக்காகவும் செய்தியைப் பகிர்ந்துகொள்ள நோயாளியின் தனி ஒப்புதல் வேண்டா என்பது 2002ஆம் ஆண்டுத் திருத்தத்தின் முடிவு. ஒரு மருத்துவர் மற்றொரு மருத்துவருக்குச் சொல்லலாம். மனநோய்க் குறிப்புகளுக்கும் பொதுவாக இதுவே விதி. ஒன்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. உளமருத்துவர் நோயாளியின் பேச்சைக் கேட்டுத் தம் சிந்தனைக்காக எழுதி, பொதுக் குறிப்பேட்டினின்றும் பிரித்து வைத்திருக்கும் குறிப்புகளைத் தனி ஒப்புதலின்றிப் பெரும்பாலும் எவருக்கும் கொடுக்கலாகாது. மருந்தின் பெயர், நோயின் பெயர், சந்திப்பின் நேரம் முதலியவை அவ்விலக்கில் அடங்கா.

ஆக, ஒரே நாட்டில் இருவகைச் சட்டங்கள் நிலவின. மனச்சோர்வுக்கு மருந்துண்பவரின் செய்தியை மருத்துவர்கள் தம்முள் பகிர்ந்துகொள்ளலாம். போதைநோய் நிலையத்தில் மருந்துண்பவரின் செய்தியை அவருடைய எழுத்து ஒப்புதலின்றிப் பகிர்ந்துகொள்ளலாகாது. இரு நோயும் ஒருங்கே உடையவர் பலராதலின், ஒருவருடைய குறிப்பேட்டையே இரண்டாகக் கிழித்து வைத்தாற் போன்ற நிலை ஏற்பட்டது.

சட்டத்தைத் தவறாக அறிந்ததன் விளைவு

சட்டம் தடுத்ததைக் காட்டிலும், சட்டம் தடுப்பதாக மக்கள் எண்ணிக்கொண்டது பெருங்கேட்டை விளைத்ததும் உண்டு. 2007ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள் வர்ஜீனியா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவன் ஒருவன் 32 பேரைச் சுட்டுக் கொன்று தானும் மாய்ந்தான். மாநில ஆளுநர் அமைத்த விசாரணைக் குழு அவ்வாண்டு ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. கல்வியுலகத்தார் ஊன்றி நோக்கவேண்டிய அறிக்கை அது.

அம்மாணவன் பள்ளியில் படிக்கும்போதே பிறருடன் பேச இயலாத மனநிலைக்காக மருத்துவமும் தனிச் சலுகையும் பெற்றவன். பல்கலைக்கழகத்துக்கு அச்செய்தி போய்ச் சேரவில்லை. அங்கே அவன் எழுதியவற்றைக் கண்டு பேராசிரியர்கள் அஞ்சினர். விடுதியில் இருந்தோர் சிலவற்றைக் கண்டனர். போலீசார் சிலவற்றை அறிந்தனர். 2005ஆம் ஆண்டு டிசம்பரில் அவன் புறநோயாளியாக மருத்துவம் பெறவேண்டும் என்று நீதித்துறை அலுவலர் ஆணையிட்டார். அதனைத் தொடர்ந்து கவனித்தார் எவரும் இல்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு துண்டு இருந்தது. துண்டுகளை ஒன்று சேர்த்துப் பார்த்தவர் இல்லை. மாணவர் குறிப்பேட்டுச் சட்டமும் நோயாளர் குறிப்பேட்டுச் சட்டமும் தம் வாயைக் கட்டிவிட்டன என்று பலர் நம்பினர். உண்மையில் அச்சட்டங்கள் ஆபத்து நேரத்தில் இடங்கொடுத்திருந்தன என்று குழு எடுத்துக் காட்டியது. தெரியாதவர்க்கு மௌனமே பாதுகாப்பாகத் தோன்றிற்று. பல்கலைக்கழக ஆலோசனை நிலையத்தில் அவனைப் பற்றி இருந்த குறிப்புகளோ காணாமற் போயிருந்தன. 2009ஆம் ஆண்டில் முன்னாள் இயக்குநரின் வீட்டிலிருந்து அவை கிடைத்தன. மறைகாப்பு என்பது தொலைத்துவிடுவதன்று என்பதற்கும் இஃது ஒரு பாடம்.

இதன்பின் 2008ஆம் ஆண்டில் மாணவர் குறிப்பேட்டு விதிகள் தெளிவாக்கப்பட்டன. 2014ஆம் ஆண்டில் சுகாதார அமைச்சு, மனநோயாளியின் குடும்பத்தாருடன் எப்போது பேசலாம் என்பதை விளக்கி அறிவிப்பு வெளியிட்டது. நோயாளி தடுக்காவிடில் அவரைப் பேணுகின்ற குடும்பத்தாருக்கு வேண்டிய அளவு சொல்லலாம். குடும்பத்தார் சொல்வதைக் கேட்பதற்கோ எச்சட்டமும் எக்காலத்தும் தடை விதித்ததில்லை.

ஜெஸ்ஸியின் பெயரால் ஒரு சட்டம்

2016ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் ஜெஸ்ஸி கிரப் என்னும் இளம்பெண் மிச்சிகன் மாநிலத்தில் அறுவை மருத்துவம் பெற்றார். ஹெராயின் பழக்கத்திலிருந்து மீண்டு வந்துகொண்டிருந்தவர் அவர். அவரும் பெற்றோரும் அதனை மருத்துவமனையில் சொல்லியிருந்தனர். வீட்டுக்கு அனுப்பிய மருத்துவருக்கு அச்செய்தி எட்டவில்லை. அபினைச் சார்ந்த ஆக்சிகோடோன் மாத்திரைகள் ஐம்பதை அவர் எழுதிக்கொடுத்தார். வீடு திரும்பிய ஜெஸ்ஸி அம்மருந்தாலேயே மாண்டார்.

மேற்கு வர்ஜீனிய செனட் உறுப்பினர் ஜோ மன்சின் முதலியோரின் முயற்சியால் 2018ஆம் ஆண்டு அக்டோபரில் ‘ஜெஸ்ஸி சட்டம்’ பெரியதொரு சட்டத்தின் பகுதியாக நிறைவேறியது. நோயாளி விரும்பிச் சொன்னால் அவருடைய போதைநோய் வரலாறு குறிப்பேட்டில் கண்ணில் படும்படி இருக்க வழிமுறை வகுக்குமாறு அது சுகாதார அமைச்சைப் பணித்தது. இங்கே ஒன்று கருதத்தக்கது. ஜெஸ்ஸியின் இரகசியத்தை எவரும் மறைக்கவில்லை; சொல்லப்பட்ட செய்தி சேரவேண்டிய கண்ணுக்குச் சேரவில்லை. ஆயினும், போதைநோய்ச் செய்தியைத் தனியே பூட்டி வைக்கும் பழைய முறை இக்காலத்துக்குப் பொருந்தாது என்று சொல்லிவந்தோருக்கு அவருடைய மரணம் வலிமை தந்தது.

எதிர்த்தோரும் இருந்தனர். போதைநோயிலிருந்து மீண்டோர் பலர், பூட்டைத் திறந்துவிட்டால் 1972க்கு முந்திய அச்சம் திரும்பும் என்றனர். 2020ஆம் ஆண்டு மார்ச்சு 27ஆம் நாள், கொரோனாத் தொற்றுக்கான பெரும் உதவிச் சட்டத்தினுள் இதற்கொரு சமரசம் காணப்பட்டது. அதன்படி வகுத்த இறுதி விதிகள் 2024ஆம் ஆண்டு பிப்ரவரி 16ஆம் நாள் வெளிவந்தன. நிலையங்கள் அவற்றுக்கு முற்றும் இணங்குவதற்கு 2026 பிப்ரவரி 16 எனக் காலக்கெடு வகுக்கப்பட்டது. நோயாளி ஒருமுறை ஒப்பினால் போதும். மருத்துவம், கட்டணம், நிருவாகம் ஆகியவற்றுக்காக அவருடைய செய்தியை எதிர்காலத்திலும் பகிர்ந்துகொள்ளலாம். ஆனால் அவருடைய ஒப்புதலோ நீதிமன்றத்தின் தனி ஆணையோ இல்லாமல் அவருக்கு எதிரான வழக்கில் அக்குறிப்பேட்டைப் பயன்படுத்தலாகாது. மீறுவோர்க்குரிய தண்டமும் ஹிப்பா சட்டத்தின் அளவுக்கு உயர்த்தப்பட்டது.

வரலாறு காட்டும் நெறி

இவ்விரண்டு நூற்றாண்டு வரலாற்றைத் தொகுத்து நோக்கினால் ஓர் உண்மை விளங்கும். ‘சொல்லலாமா, சொல்லலாகாதா’ என்று மட்டும் கேட்டவர்கள் தடுமாறினர். ‘யாருக்கு, எதற்காக’ என்று கேட்டவர்களே தெளிவு கண்டனர். தண்டிப்பதற்காகக் கேட்டவர்களுக்கு நியூமன் மறுத்தார். அவரைச் சட்டம் காத்தது. காப்பதற்காகச் சொல்லவேண்டிய இடத்தில் தாராசாஃபின் பெற்றோருக்கு எவரும் சொல்லவில்லை. அதனைச் சட்டம் கண்டித்தது. 2024ஆம் ஆண்டு விதிகளும் இவ்வழியிலேயே செல்கின்றன. மருந்து கொடுப்போரிடையே கதவைத் திறந்துவிட்டன; வழக்குத் தொடுப்போருக்கு அதனை அடைத்தே வைத்தன.

இவ்வளவில் எல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணலாகாது. தாளில் எழுதிய குறிப்பேட்டைத் திருட ஃபீல்டிங்கின் பூட்டை உடைக்க வேண்டியிருந்தது. மின்கணிப்பொறியிலுள்ளதைத் திருட வீட்டைவிட்டு வெளியே வரவும் வேண்டியதில்லை. ஃபின்லாந்து நாட்டில் வஸ்தாமோ என்னும் உளமருத்துவ நிறுவனத்தின் குறிப்பேடுகள் திருடப்பட்டு, 2020ஆம் ஆண்டு அக்டோபரில் நோயாளிகளுக்கே மிரட்டல் கடிதங்கள் வந்தன. பணம் தராவிடில் நீ உன் மருத்துவரிடம் சொன்னதை உலகுக்குச் சொல்வேன் என்பதே மிரட்டல். ஏறத்தாழ 33,000 பேருடைய செய்திகள் திருடன் கையில் இருந்தன. நிறுவனம் மறுவருடமே நொடித்துப் போயிற்று. அங்கே சட்டம் இருந்தது, காவல் இல்லை.

மருத்துவருக்கு மட்டுமே உரிய பாடம் அன்று இது. மாணவனின் வீட்டுத் துன்பத்தையும், தந்தையின் குடியையும், பிள்ளையின் மன வேதனையையும் அறியும் நிலையில் உள்ளவர் ஆசிரியர். ஆசிரியர் அறையில் அதனைப் பேச்சுப்பொருளாக்குவது பிள்ளையின் நம்பிக்கையைக் கொல்லும்; பிள்ளையின் உயிருக்கோ பிறர் உயிருக்கோ ஆபத்து என்று தெரிந்தும் வாய்மூடியிருப்பது பிள்ளையையே கொல்லக்கூடும். காக்கக்கூடியவரிடம், காப்பதற்கு வேண்டிய அளவு சொல்வது ஒன்றே இரண்டுக்கும் நடுவிலுள்ள வழி. அமெரிக்க நாட்டார் பல வழக்குகளாலும் சில உயிர்களாலும் கற்றுக்கொண்ட இவ்வழியைப் பிறர் அவ்வளவு விலை கொடாமலே கற்கலாம்.